54 லட்சத்து ஃபிளிக்கரா, கோவில்பட்டிப் பையனா? டிராகன்ஸ் அணியைக் கட்ட மூன்று வழிகள்

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி ஸ்டேடியத்தின் கேலரியில் தமிழ்நாடு டிராகன்ஸ் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்தக் கேள்வியில் வந்து முட்டும்: "நம்ம பையன் பெஞ்ச்லயே உக்காந்திருக்கான், ஏன் இறக்க மாட்டேங்கிறாங்க?" பக்கத்து சீட்டுக்காரர் விடமாட்டார்: "இறக்கினா பெனால்டி கார்னர் யார் அடிப்பா, நீங்களா?" (எதிரணி தன் கோல் முன்னுள்ள 'டி' எனும் அரைவட்டத்துக்குள் தப்பு செய்தால் கிடைக்கும் வாய்ப்புதான் பெனால்டி கார்னர்; அதில் பந்தை ஸ்டிக்கால் இழுத்துக் கோலை நோக்கி வீசுபவர் டிராக் ஃபிளிக்கர்.) ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒருவர் நிமிடக் கணக்கைப் பேசுகிறார், மற்றவர் ஏலக் கணக்கைப் பேசுகிறார். இந்த ரெண்டையும் கலந்துவிடுவதால்தான் விவாதம் முடிவதே இல்லை.

முதலில் ஏலக் கணக்கு. 2024 அக்டோபரில் டெல்லியில் ஹாக்கி இந்தியா லீகின் ஏலம் நடந்தபோது ஆடவர் அணி ஒவ்வொன்றுக்கும் கையில் 4 கோடி ரூபாய். அதில் 24 பேரை எடுக்க வேண்டும். 16 பேர் இந்தியர், அந்தப் பதினாறில் 4 பேர் ஜூனியர் என்பது கட்டாயம். மீதி 8 இடம் வெளிநாட்டவருக்கு. அடிப்படை விலை 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என்று மூன்று படி. சராசரி போட்டால் தலைக்குச் சுமார் 16.7 லட்சம்தான் வரும். தமிழ்நாடு டிராகன்ஸ் நெதர்லாந்தின் யிப் யான்சனை 54 லட்சத்துக்கும் அமித் ரோஹிதாஸை 48 லட்சத்துக்கும் எடுத்தது. ரெண்டு பேருக்கு மட்டும் 1 கோடியே 2 லட்சம், அதாவது பையில் கால்வாசி. மீதி 22 பேரை 2 கோடியே 98 லட்சத்துக்குள் அடக்க வேண்டும். "நல்ல ஜூனியரை ஏன் எடுக்கவில்லை" என்று கேட்பவர்கள் இந்தக் கழித்தலை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்லது.

அடுத்தது நிமிடக் கணக்கு. இதைக் கேலரியில் யாரும் போடுவதில்லை. ஆட்டம் 15 நிமிடம் வீதம் நாலு கால்பகுதி, மொத்தம் 60 நிமிடம். கோல்கீப்பரை விட்டால் களத்தில் பத்துப் பேர். ஆக ஒரு ஆட்டத்தில் பங்கு போட 600 ஆள்-நிமிடம் இருக்கிறது. ஆட்டப் பட்டியலில் 18 பேர், அதில் ரெண்டு கீப்பர் என்று வைத்துக்கொண்டால் 16 பேர் இந்த 600-ஐப் பிரித்துக்கொள்கிறார்கள். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 37.5 நிமிடம். ஆனால் யாரும் சமமாகப் பிரிப்பதில்லை. நடு டிஃபென்ஸில் நிற்பவர் 50 நிமிடத்துக்கு மேல் ஆடுவார். ஃபார்வர்டு நாலைந்து நிமிடம் முழு வேகத்தில் ஓடிவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்குவார், மறுபடி போவார். அதாவது புதுப் பையனுக்கு நிமிடம் கிடைக்கும் இடம் ஃபார்வர்டு வரிசைதான். டிஃபென்ஸில் கிடைப்பது சொற்பம், கோல்கீப்பர் இடத்தில் ஏறக்குறைய பூஜ்யம். இதை மனசில் வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பார்ப்போம்.

வழி ஒன்று: காசைக் கொட்டி ஒரு டிராக் ஃபிளிக்கர்

இதன் பக்கம் வாதம் வலுவானது. பழைய ஹாக்கி இந்தியா லீகில் 2016, 2017 சீசன்களில், ஆட்டத்தின் ஓட்டத்தில் விழும் ஃபீல்டு கோலுக்கு ரெண்டு கோல் கணக்கு. அப்போது ஃபிளிக்கரின் மதிப்பு பாதியாகிவிட்டது. இப்போது எல்லா கோலும் ஒன்றுதான், அதனால் ஃபிளிக்கரின் விலை ஏறியதில் ஆச்சரியம் இல்லை. அதே ஏலத்தில் ஹர்மன்ப்ரீத் சிங்குக்கு சூர்மா அணி 78 லட்சம் கொடுத்தது, கொன்சாலோ பெய்யாட்டுக்கு ஹைதராபாத் டூஃபான்ஸ் 68 லட்சம் கொடுத்தது. மறுபடி தொடங்கிய லீகின் அந்த முதல் சீசனில் கோப்பையை ராட் பெங்கால் டைகர்ஸ் தூக்கியது. அந்த அணியின் ஃபிளிக்கர் ஜுக்ராஜ் சிங் இறுதிப் போட்டியில் ஹாட்ரிக் அடித்தார், தொடரில் 12 கோலுடன் முதலிடத்திலும் அவரே.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜுக்ராஜ் இந்தியர். உள்ளூர் ஃபிளிக்கர் கிடைத்தால் எட்டு வெளிநாட்டு இடங்களில் ஒன்று மிச்சமாகும். அந்த இடத்தில் ஒரு மிட்ஃபீல்டரைப் போட்டுக்கொள்ளலாம். ஃபிளிக்கர் வேண்டுமா வேண்டாமா என்று விவாதிப்பதில் பொருளில்லை. ஃபிளிக்கர் எந்தப் பாஸ்போர்ட்டில் வருகிறார், களத்தில் எத்தனை நிமிடம் நிற்கிறார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்வியின் ரெண்டாவது பாதி ஏன் முக்கியம்? பெனால்டி கார்னர் கொடுத்த விசில் ஊதியதும் ஆள் மாற்ற முடியாது. தற்காப்பு அணியின் கோல்கீப்பர் காயம்பட்டால் அல்லது கார்டு வாங்கி வெளியேறினால் மட்டும்தான் விதிவிலக்கு. ஆகவே 54 லட்சத்து ஆள் அந்த நொடியில் பெஞ்சில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் அந்த கார்னர் அவருக்கு இல்லை. ஃபிளிக்கர் ஃபார்வர்டாக இருந்து 32 நிமிடம் மட்டும் ஆடினால், கிடைக்கும் கார்னர்களில் பாதியைத் தவறவிட வாய்ப்பு உண்டு. யான்சனைப் போல டிஃபெண்டராகவே இருந்தால் 50 நிமிடம் களத்தில் நிற்பார். விலை ஒன்றாக இருந்தாலும் டிஃபெண்டர்-ஃபிளிக்கர்தான் லாபம். ஏலத்தில் ஃபார்வர்டு-ஃபிளிக்கரின் பெயர் வந்தால் கையைக் கட்டிக்கொள்வதே புத்தி.

ஃபிளிக்கரை மட்டும் வாங்கிவிட்டால் கோல் விழுமா? விழாது. கார்னர் என்பது மூன்று பேர் வேலை. கோல்போஸ்ட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளும் இஞ்செக்டர், 14.63 மீட்டர் ஆரமுள்ள 'டி'க்கு வெளியே பந்தை நிறுத்தும் ஸ்டாப்பர், அப்புறம்தான் ஃபிளிக்கர். தள்ளிய பந்து துள்ளிக்கொண்டு வந்தால் ஸ்டாப்பர் தடுமாறுவார். ஸ்டாப்பரின் ஸ்டிக்கிலிருந்து பந்து அரை அடி தள்ளி நின்றால் ஃபிளிக்கரின் காலடி கலைந்துபோகும். அதற்குள் எதிரணியின் முதல் ரஷர் பாய்ந்து வந்து பந்துக்கும் கோலுக்கும் நடுவே நின்றுவிடுவார். ஃபிளிக்குக்கு உயரத் தடை இல்லை, ஆனால் ஓங்கி அடிக்கும் முதல் ஷாட் கோல் பலகையின் உயரமான 460 மில்லிமீட்டருக்கு மேல் போனால் செல்லாது. ஆகவே ஃபிளிக் கலைந்த பிறகு அவசரத்தில் அடிப்பது பெரும்பாலும் வீண். தவறுகிற கார்னர்களுக்குக் காரணம் இஞ்செக்டரிடமும் ஸ்டாப்பரிடமும் இருக்கும், திட்டு மட்டும் ஃபிளிக்கருக்கு விழும்.

லீகில் இன்னொரு சிக்கல் உண்டு. வெளிநாட்டு ஃபிளிக்கர் தன் நாட்டு இஞ்செக்டரோடும் ஸ்டாப்பரோடும் வருஷக்கணக்கில் ஆடிப் பழகியவர். இங்கே ஏலம் சேர்த்துவைத்த மூன்று பேரும் தொடருக்குச் சில நாள் முன்புதான் ஒன்றாகப் பயிற்சியில் நிற்கிறார்கள். முதல் ரெண்டு மூன்று ஆட்டங்களில் கார்னர் சொதப்புவது இதனால்தான். நல்ல நிர்வாகம் ஃபிளிக்கரை வாங்கும்போதே அவருக்குத் தள்ளிக் கொடுத்துப் பழகிய ஒருவரையும் மலிவில் சேர்த்து எடுக்கும்.

வழி ரெண்டு: இந்திய மூத்த வீரர்களை அச்சாகப் போடுவது

ஒரு கோலும் அடிக்காத ஆளுக்கு 40, 50 லட்சம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கே பதில். காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்தில் ரோஹிதாஸ் ரெட் கார்டு வாங்கினார். மீதி ஆட்டம் முழுவதும் பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து இந்தியா ஷூட்-அவுட்டில் வென்றது. ஆனால் தடை காரணமாக ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் அவர் இல்லை. இந்தியா 2-3 என்று தோற்றது. எதிரணியின் கார்னருக்கு முதலில் பாய்ந்து வருபவர் அவர்தான். அந்த வேலைக்குத் துணிச்சல் மட்டும் போதாது. ஃபிளிக்கரின் காலடியைப் படித்து எந்தக் கோட்டில் ஓடுவது என்று தீர்மானிக்க வேண்டும், ஸ்டிக்கைத் தரையோடு வைக்க வேண்டும், கோல்கீப்பரின் பார்வையை மறைக்கவும் கூடாது. ஆள் இல்லாதபோதுதான் இந்த வேலையின் விலை தெரிந்தது.

லீகில் மூத்த இந்தியருக்கு இன்னொரு பயனும் உண்டு. களத்தில் இந்தியில் கத்தவும் தெரியும், வெளிநாட்டுக் கோச் ஆங்கிலத்தில் சொன்னதை இளையவனுக்குப் புரியவைக்கவும் தெரியும். கோவில்பட்டியிலிருந்தும் அரியலூரிலிருந்தும் வரும் பையனுக்கு இந்தியும் தகராறு, ஆங்கிலமும் தகராறு என்றால், டைம்-அவுட்டில் சொல்வதில் பாதி காதோடு போய்விடும். பேச்சு புரியாமல் வீணாகும் திறமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தமிழ்நாட்டின் பெயரில் ஆடும் அணி உதவிக் கோச்சுகளில் ஒருவரையாவது தமிழில் பேசுபவராக வைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஏலப் பணம் ஒரு பைசா செலவாகாது.

குறை என்னவென்றால், மூத்தவர்கள் தேசிய முகாமிலிருந்து களைப்போடு வருவார்கள், தேசிய முகாமுக்கே திரும்பிப் போவார்கள். சின்னத் தசைப் பிடிப்பு என்றாலும் எச்சரிக்கையாக உட்காரவைக்கப்படுவார்கள். முதல் சீசனில் ஒரு அணிக்கு லீக் சுற்றில் 10 ஆட்டம். அதில் மூன்று ஆட்டம் அவர் வெளியே இருந்தால் 48 லட்சத்தில் 14 லட்சம் பெஞ்சில் போய்விடுகிறது. அந்த இடத்துக்கு மாற்று யார் என்று ஏலத்தன்றே பதில் இருக்க வேண்டும். பெரும்பாலான அணிகளிடம் இருப்பதில்லை.

வழி மூன்று: ஜூனியர்களை வளர்ப்பது

கேலரிக்குப் பிடித்த வழி இதுதான். அதற்கு நியாயமும் உண்டு. 1980 மாஸ்கோ தங்கத்துக்குத் தலைமை தாங்கிய வி. பாஸ்கரன் நம்ம ஊர்க்காரர். அப்புறம் நடுவில் நீண்ட வறட்சி. 2022 ஆசியக் கோப்பைக்குக் கோவில்பட்டி விடுதியில் வளர்ந்த செல்வம் கார்த்தியும் மாரீஸ்வரன் சக்திவேலும் இந்திய அணிக்குப் போனபோது மறுபடி உயிர் வந்தது. அந்தத் தொடரில் பாகிஸ்தானுடன் 1-1 என்று முடிந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோல் கார்த்தியுடையது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இதே எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபியில் மலேசியாவை 5-0 என்று வென்றபோது முதல் கோலும் அவருடையதே. அப்போது போட்ட டர்ஃப் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போட்ட அதே ரகம்.

கவனிக்க வேண்டியது: ரெண்டு பேருமே ஃபார்வர்டு. தற்செயல் என்று தோன்றவில்லை. மேலே சொன்ன நிமிடக் கணக்குப்படி இளையவனுக்குக் கதவு திறப்பது அங்கேதான்.

கதவு திறந்தும் பையன் ஏன் தேறுவதில்லை? பெரும்பாலும் அவனை இறக்கும் நேரம் தப்பு. அணி ஒரு கோல் பின்தங்கி, கடைசி ஆறு நிமிடத்தில் எல்லோரும் முன்னே குவிந்து நிற்கும்போது "போடா" என்று அனுப்புவார்கள். அப்போது களத்தில் இடமே இருக்காது. பந்து ரெண்டு தடவை கிடைக்கும், ஒரு தடவை பறிபோகும், கேலரி உச்சுக்கொட்டும். அல்லது 4-1 என்று முன்னிலையில் இருக்கும்போது இறக்குவார்கள். அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

வேலை செய்யும் முறை வேறு. ரெண்டாவது கால்பகுதியின் மூன்றாவது நிமிடம் முதல் எட்டாவது நிமிடம் வரை ஒரு தடவை, மூன்றாவது கால்பகுதியில் அதே மாதிரி இன்னொரு தடவை, நாலாவதின் தொடக்கத்தில் நாலு நிமிடம். மொத்தம் 14 நிமிடம். ஆட்டம் சூடாகவும் இருக்கும், தவறு நடந்தால் திருத்த நேரமும் இருக்கும். பக்கத்தில் ஒரு மூத்த ஃபார்வர்டு இருக்க வேண்டும். ரெண்டு ஜூனியரை ஒரே நேரத்தில் முன்வரிசையில் விட்டால் பந்தைப் பிடித்து நிறுத்த ஆள் இருக்காது, பந்து திரும்பித் திரும்பி நம் பக்கமே வரும். பத்து ஆட்டத்துக்கு இப்படி 140 நிமிடம். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் உலகின் முன்னணி டிஃபெண்டர்களுக்கு எதிராக ஒரு பதினெட்டு வயசுப் பையனுக்கு 140 நிமிடம் வேறு எங்கே கிடைக்கும்?

கார்டு விஷயத்தையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஆர்வத்தில் பின்னாலிருந்து டேக்கிள் போட்டுப் பச்சைக் கார்டு வாங்கினால் அணி ரெண்டு நிமிடம் பத்துப் பேரோடு ஆடும். மஞ்சள் என்றால் குறைந்தது ஐந்து நிமிடம். கோச் ஒரு தடவை சூடுபட்டால் அடுத்த மூன்று ஆட்டம் அந்தப் பையனைத் தொடமாட்டார். ஃபார்வர்டு ஜூனியருக்கு முதல் மூன்று ஆட்டத்துக்கு ஒரே கட்டளை போதும்: தள்ளி நின்று பாதையை அடை, பந்துக்குப் பாயாதே.

ஃபிளிக்கும் கோல்கீப்பிங்கும் லீகில் வளராது

மூன்றாவது வழியின் ரசிகர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். "இந்தப் பையன் நல்லா ஃபிளிக் பண்றான், ஒரு கார்னர் கொடுத்துப் பாருங்களேன்." ஆட்டத்துக்கு நாலு கார்னர் கிடைத்து, அதில் ஒன்றை அவனுக்குக் கொடுத்தாலும் பத்து ஆட்டத்தில் பத்து ஃபிளிக். பத்து ஃபிளிக்கில் யாரும் ஃபிளிக்கர் ஆவதில்லை. அது பயிற்சி மைதானத்தில் ஆயிரக்கணக்கில் செய்து வருவது. முதுகு வளைந்து, இடுப்பு திரும்பி, முன்கால் தரையைக் குத்தி நிற்கும் அந்த அசைவு கீழ்முதுகை நேராகத் தாக்கும். எலும்பு முற்றாத பதினாறு, பதினேழு வயதில் தினமும் நூறு அடிக்கச் சொன்னால் ரெண்டு வருஷத்தில் முதுகுவலியோடு வந்து நிற்பான். வாரத்துக்கு ரெண்டு மூன்று நாள், ஒரு நாளைக்கு 30 முதல் 40-க்குள் முழு வேகம், நடுவில் ஓய்வு நாள், கூடவே இடுப்புக்கும் வயிற்றுத் தசைக்கும் பயிற்சி. மீதி நேரம் பந்தில்லாமல் காலடியை மட்டும் பழகலாம். ஸ்டிக்கின் வளைவும் கவனிக்க வேண்டியது. விதி அனுமதிப்பது அதிகபட்சம் 25 மில்லிமீட்டர். ஃபிளிக்குக்கு ஏற்ற, வளைவு கீழே இறங்கிய ஸ்டிக்கைப் பன்னிரண்டு வயசிலேயே வாங்கிக் கொடுத்துவிட்டால், நேராக அடிக்கும் ஹிட்டில் பந்து கிளம்பிவிடும். அடிப்படை கெட்டுப்போகும்.

லீகில் இளம் ஃபிளிக்கருக்கு உண்மையில் கிடைக்கும் பாடம் வேறு. யான்சன் மாதிரி ஒருவர் பயிற்சியில் அடிக்கும்போது பக்கத்தில் நின்று ஸ்டாப்பர் வேலை பார்ப்பது. பந்தை எங்கே நிறுத்தினால் அவர் எந்தக் காலை வைக்கிறார் என்று நூறு முறை பார்த்தவன் ஊர் திரும்பித் தன் ஃபிளிக்கை மாற்றிக்கொள்வான். அதனால்தான் ஜூனியர் இடம் நாலில் ஒன்றை ஒரு டிஃபெண்டர்-ஃபிளிக்கர் பையனுக்குக் கொடுத்து, அவனை அணியின் ஸ்டாப்பராகப் பழக்க வேண்டும். களத்தில் 10 நிமிடம் கிடைத்தாலும் நஷ்டமில்லை.

கோல்கீப்பர் கதை இன்னும் கஷ்டம். ஒரே இடம், சுழற்சியும் இல்லை. முதல் சீசனில் டிராகன்ஸ் அயர்லாந்தின் டேவிட் ஹார்ட்டை 32 லட்சத்துக்கு எடுத்தது. அந்த அளவு அனுபவம் கோலில் நிற்கும்போது இளையவனுக்கு என்ன மிச்சம்? ஆனாலும் கோல்கீப்பர் இளைஞனாக இருந்தாலும் பெரிய ஆட்டத்தைத் தாங்குவான் என்பதை இதே எழும்பூர் பார்த்தது: 2025 டிசம்பர் ஜூனியர் உலகக் கோப்பைக் காலிறுதியில் இந்தியா பெல்ஜியத்துடன் 2-2, ஷூட்-அவுட்டில் 4-3 என்று வெற்றி. அன்று கோலில் பிரின்ஸ்தீப் சிங். வெளியே கோச்சாக நின்றவர் இந்தியாவின் முன்னாள் கோல்கீப்பர் ஶ்ரீஜேஷ் என்பதால், கீப்பருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதில் குறை இருந்திருக்காது. அரையிறுதியில் ஜெர்மனியிடம் தோற்ற பிறகு அர்ஜென்டினாவை 4-2 என்று வீழ்த்தி வெண்கலம்.

கிளப் அணிக்கு நடைமுறை வழி ஒன்று உண்டு. பத்து ஆட்டத்தில் ஏழு மூத்தவருக்கு, மூன்று இளையவருக்கு என்று தொடருக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுவது. எந்த மூன்று என்பதும் முன்பே முடிவாக வேண்டும். "சூழ்நிலை பார்த்து" என்று விட்டால் சூழ்நிலை ஒருபோதும் வராது. ஷூட்-அவுட் பயிற்சியில் மட்டும் ரெண்டு பேரும் சரிபாதி. 23 மீட்டர் கோட்டிலிருந்து எட்டு நொடி என்பது கீப்பருக்கு முழுக்க வேறொரு ஆட்டம். கோலைவிட்டு எப்போது வெளியே வருவது, எப்போது படுப்பது என்பதில் முடிந்துவிடும். முதல் சீசன் அரையிறுதியில் டிராகன்ஸ் வெளியேறியது ஷூட்-அவுட்டில்தான், மூன்றாம் இட ஆட்டத்தையும் சூர்மாவிடம் விட்டு நாலாவதாக முடித்தது.

அப்படியானால் 4 கோடியை எப்படிப் பிரிப்பது

அடுத்தடுத்த ஏலங்களில் தொகை மாறலாம், விகிதத்தைப் பாருங்கள். வெளிநாட்டு டிஃபெண்டர்-ஃபிளிக்கர் ஒருவர் 55 லட்சம். கோல்கீப்பர் ரெண்டு பேர், மூத்த வெளிநாட்டவருக்கு 30, இளம் இந்தியருக்கு 10. முதல் ரஷராகப் பாயும் மூத்த இந்திய டிஃபெண்டர் 45. அவருக்கு மாற்றாகவும் இரு ஓரத்துக்கும் இந்திய டிஃபெண்டர்கள் மூன்று பேர், சேர்த்து 30. கூடுதலாக ஒரு வெளிநாட்டு டிஃபெண்டர் 15. மிட்ஃபீல்டில் வெளிநாட்டவர் ரெண்டு பேர் 50, இந்தியர் நாலு பேர் 50. முன்வரிசையில் வெளிநாட்டவர் மூன்று பேர் 50, இந்தியர் மூன்று பேர் 35. இதுவரை 370 லட்சம், 20 பேர். மீதி 30 லட்சம் நாலு ஜூனியருக்கு.

சர்ச்சை இந்தக் கடைசி 30-இல்தான். வழக்கமான அணி நாலு ஜூனியரையும் அடிப்படை விலையில் 8, 10 லட்சத்துக்குள் முடித்துவிட்டு, மிச்சத்தை இன்னும் விலைகூடிய ஒரு வெளிநாட்டு ஃபார்வர்டில் போடும். அந்த ஃபார்வர்டு சராசரியாக 30 நிமிடம் ஆடுவார். அதில் 14 நிமிடத்தை ஒரு நல்ல ஜூனியர் எடுத்துக்கொண்டால் அணி இழப்பது சொற்பம். ஆனால் 2 லட்சத்து ஜூனியரை அந்த 14 நிமிடத்துக்கு நம்ப முடியாது, 10 லட்சம் கொடுத்து எடுத்தவனை நம்பலாம். விலை கொடுத்தால்தான் கோச்சும் இறக்குவார். இது பெருமைப்பட வேண்டிய விஷயமில்லை, ஆனால் பெஞ்சு அப்படித்தான் நடக்கிறது. ஜூனியர் நாலு பேர்: ஃபார்வர்டு ரெண்டு, டிஃபெண்டர்-ஃபிளிக்கர் ஒன்று, ரைட் ஹாஃப் ஒன்று. மூன்று ஃபார்வர்டு எடுக்கலாமே என்றால், மூன்றாமவனுக்கு நிமிடம் இல்லை, சும்மா டிராக்சூட்டுதான்.

இந்தப் பிரிப்பில் பலவீனம் மிட்ஃபீல்டு. நாலு இந்தியருக்கு 50 லட்சம் என்றால் பெரிய பெயர் யாரும் வரமாட்டார்கள். நீலகண்ட சர்மா மாதிரி ஒருவர் வேண்டுமென்றால் 30 லட்சத்துக்கு மேல் அவருக்கே போய்விடும். அப்போது இன்னொரு வெளிநாட்டு ஃபார்வர்டைக் குறைக்க வேண்டிவரும். கோப்பைதான் குறி என்றால் அப்படிச் செய்வது சரியே. நாலைந்து வருஷத்துக்கு அணியைக் கட்டுவதுதான் குறி என்றால் மேலே சொன்ன பிரிப்பு மேல்.

மீதி பதினொரு மாதம்

லீக் ஒரு மாதக் கதை. பையன் வளர்வது மற்ற பதினொரு மாதத்தில். அங்கேயும் மூன்று பாதை உண்டு. ரசிகர்கள் இதைப் பேசுவது குறைவு, பெற்றோர்கள் தினமும் பேசுகிறார்கள்.

மாநில விளையாட்டு ஆணையத்தின் விடுதியில் இருந்தால் சாப்பாடு, டர்ஃப், கோச் மூன்றும் நிச்சயம். ஆனால் ஆடுவது பெரும்பாலும் தன் வயசுக்காரர்களோடு, ஆட்டத்தின் வேகம் கூடாது. கல்லூரி அணியில் சுதந்திரம் அதிகம். பருவத் தேர்வும் போட்டியும் ஒரே வாரத்தில் வந்து உட்காரும். மூன்றாவது, சென்னை லீகில் ஆடும் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், இந்தியன் பேங்க், தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். மாதிரி நிறுவன அணிகள். 28, 30 வயசு ஆட்களுக்கு எதிராக வாராவாரம் மோதி, உடம்பால் தள்ளப்பட்டு, பந்தை இழக்காமல் நிற்கப் பழகும் இடம் அது. வேலையும் கிடைக்கலாம். குடும்பத்துக்கு அதுதான் முதல் கணக்கு, அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆபத்து ஒன்றுதான்: வேலை உறுதியானதும் ஓட்டம் குறைந்துவிடும், இருபத்திரண்டு வயசில் ஆட்டம் அப்படியே நின்றுவிடும்.

பதினெட்டு வரை விடுதி, அப்புறம் நிறுவன அணி, நடுவில் சென்னையில் நடக்கும் முருகப்பா தங்கக் கோப்பைப் போட்டி: பெரும்பாலான ஃபார்வர்டுகளுக்கு இந்த வரிசை பொருந்தும். சமீப வருஷங்களில் முருகப்பா கோப்பையில் பத்து அணிகள் ரெண்டு பிரிவாக ஆடுகின்றன. ஒரு அணிக்கு நாலு ஆட்டம் நிச்சயம், இறுதி வரை போனால் ஆறு. அதில் முழு ஆட்டமும் ஆடும் பையனுக்கு ரெண்டு வாரத்துக்குள் 200 நிமிடத்துக்கு மேல் கிடைத்துவிடும். லீகில் கிடைக்கும் 140-ஐவிட இது அதிகம், அதுவும் தன் பொறுப்பில் ஆடும் நிமிடம். கோல்கீப்பருக்கும் ஃபிளிக்கருக்கும் இதுதான் உண்மையான பள்ளிக்கூடம். ஃபிளிக்கர் பையன் எல்லா கார்னரையும் தானே அடிக்கலாம், தவறவிட்டாலும் மறுநாள் அவனே அடிப்பான்.

டிராகன்ஸ் நிர்வாகம் தன் நாலு ஜூனியர்களுக்கும் ஒப்பந்தத்தில் ரெண்டு விஷயம் எழுதிக் கொடுக்கலாம். ஒன்று, முருகப்பா கோப்பையில் அவர்கள் ஆடும் அணியின் கோச்சோடு பேசி, ஃபிளிக் எண்ணிக்கையும் ஆடிய நிமிடமும் ஒரே நோட்டில் பதிவாக வேண்டும். ரெண்டு, லீக் தொடங்க ஆறு வாரம் முன்பே இஞ்செக்டர், ஸ்டாப்பர், இளம் ஃபிளிக்கர் மூவரும் எழும்பூர் டர்ஃபில் வாரம் மூன்று நாள் ஒன்றாக நிற்க வேண்டும். வெளிநாட்டு ஃபிளிக்கர் விமானத்தில் வந்து இறங்கும்போது அவருக்குத் தள்ளிக் கொடுக்கவும் நிறுத்திக் கொடுக்கவும் பழகிய ரெண்டு கை தயாராக இருக்கும்.